வாரேன் என்று சொன்னவள்

“கொஞ்சம் பொறுங்கம்மிணி, வண்டி வருதுங்க” என்று சொல்லிவிட்டு சவரியார் விடுதிக் கேட்டை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

சகாயம்மாள் வெளியே வெயிலில் நின்றாள். ஒரு கையில் கஞ்சித் தூக்குப்போசி. இன்னொரு கையால் கேட்டைத் தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை. மனுஷன் எலும்பும் தோலுமாக இருக்கிறார், சோற்றைத் தொடுவதே இல்லை என்று வாராவாரம் புகார் சொல்கிறார்கள். கேட்டைப் பிடிப்பதற்கு மட்டும் அந்தக் கைகளுக்கு எங்கிருந்துதான் இவ்வளவு வலு வருகிறதோ தெரியவில்லை.

“நாந்தானுங்கப்பா. சகாயம். கேட்டை உடுங்க.”

சவரியார் தன் மகளை மேலும் கீழும் பார்த்தார். பார்வையில் கோபம் இல்லை. அவசரப்படுகிற வழிப்போக்கர்களை ஆயுசெல்லாம் பார்த்துப் பழகிய பொறுமைதான் இருந்தது.

“சகாயம் எம்புள்ளைங்க. வாரேன்னு சொல்லீட்டுப் போயிருக்குது. அது வந்து தாண்டுனாத்தான் கேட்டைத் தொறக்க முடியும். நீங்க அந்த நெழல்ல நில்லுங்க.”

தூக்குப்போசியைத் தெருவில் வீசிவிட்டு வந்த வழியே நடையைக் கட்டலாமா என்று அவளுக்கு ஆத்திரம் வந்தது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இதே கூத்து. பூசை முடிந்த கையோடு வீட்டுக்கு ஓடி, கஞ்சி வைத்து, கருப்பட்டி தட்டிப் போட்டு, ரயில் பாதையைத் தாண்டி அவ்வளவு தூரம் வேர்க்க விறுவிறுக்க நடந்து வருகிறாள். வந்து நிற்கிறவளை வெளியே நிறுத்திவிட்டு, வரப்போகிற மகளுக்காக அவர் உள்ளே காத்துக்கொண்டிருக்கிறார். ரெண்டு பேரும் ஒருத்திதான் என்பதை எந்தப் பாஷையில் சொல்லி விளங்கவைப்பது?

எல்லாவற்றையும்விட அந்த ‘ங்க’தான் அவளுக்குப் பொறுக்கவில்லை. சவரியார் கழுதை மேய்க்கிறவனுக்கும் ‘ங்க’ போட்டுப் பேசுகிற ஆள். ஆனால் பெற்ற பிள்ளைகளுக்குப் போட்டதே இல்லை. ‘வா சாமி, போ சாமி, தின்னியா சாமி’ என்றே அவளை வளர்த்தார். இப்போது அவள் யாரோ ஒரு அம்மிணி. நிழலில் நிற்கச் சொல்லி மரியாதையாக அனுப்பவேண்டிய அம்மிணி. ‘அடி நாயே’ என்று திட்டியிருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

சவரியார் சூரமங்கலத்துக்கு மேற்கே, வண்டிப்பாதை தண்டவாளத்தைத் தாண்டுகிற இடத்தில் ரயில்வே கேட் கீப்பராக இருந்தவர். தலை கறுப்பாக இருந்தபோது போய் நின்றார். வெளுத்த பிறகுதான் வீட்டுக்கு வந்தார். வண்டி வருகிறது என்று ஸ்டேஷனிலிருந்து மணி கேட்டுவிட்டால் கேட்டைப் போடவேண்டும். கடைசிப் பெட்டி கண்ணெதிரே தாண்டிப் போகிற வரைக்கும் திறக்கக்கூடாது. கலெக்டர் கார் வந்து நின்று ஹாரன் அடித்தாலும் கூடாது. பிள்ளைத்தாச்சி வண்டிக்குள் கிடந்து அலறினாலும் கூடாது. சந்தைக்குப் போகிறவர்கள் வாய்க்கு வந்தபடி ஏசுவார்கள். “வருதுன்னு சொல்லீட்டா வந்துதானுங்க ஆகோணும், வராம எங்க போயிரும்” என்பார் சவரியார். அவர் கண்முன்னால் அந்தக் கேட்டில் ஒரு ஆட்டுக்குட்டிகூட அடிபட்டதில்லை. இந்தப் பிடிவாதம் ஒரு காலத்தில் வீட்டுக்கே பெருமையாக இருந்தது.

வேலையை விட்டு மகள் வீட்டோடு வந்தபின் புத்தி மெல்ல மெல்லக் கரைய ஆரம்பித்தது. முதலில் பேர்கள் மறந்தன. பிறகு பெண்டாட்டி செத்ததை மறந்தார். சாப்பாட்டு வேளைதோறும் “உங்கம்மாளை எங்க காணோம்?” என்பார். செத்துப்போனாள் என்று சொன்னால் அப்போதுதான் செத்ததுபோல அழுவார். சொல்லாவிட்டால் தேடிக்கொண்டு தெருவில் இறங்குவார். சகாயம்மாள் ரெண்டுக்கும் நடுவில் கிடந்து அல்லாடினாள். தம்பி ஒருத்தன் பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் இருந்தான். அப்பாவை நன்றாகப் பார்த்துக்கொள் அக்கா என்று வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் சொல்லியனுப்புவான். அதற்குமேல் அவனால் ஆனது ஒன்றும் இல்லை.

கடைசியில் ஒருநாள் அவர் கொடியில் காய்ந்த அவளுடைய சிவப்புச் சேலையை உருவிக்கொண்டு போய் கூட்ஸ் வண்டியை நிறுத்திவிட்டார். எதற்கு நிறுத்தினாய் என்று கேட்டதற்கு, கேட் திறந்து கிடக்கிறது என்றார். யுத்தம் நடக்கிற காலம். வண்டி நிறையப் பட்டாளத்துச் சாமான். ரயில்வேயில் பிட்டராக இருந்த அவள் புருஷன் உபகாரசாமியை மேலதிகாரிகள் நிற்கவைத்துக் கேள்வி கேட்டார்கள். இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேலையும் இருக்காது, குடியிருக்கிற குவார்ட்டர்ஸும் இருக்காது என்று சொல்லிவிட்டார்கள். குவார்ட்டர்ஸோ தண்டவாளத்தை ஒட்டி இருந்தது. அவள் அப்பாவைக் கட்டில் காலோடு கட்டிப் போட்டுவிட்டுச் சமைத்தாள். அவர் அங்கே அழுதார். அவள் இங்கே அடுப்படியில் அழுதாள். அப்படியே விட்டிருந்தால் ரெண்டு பேரில் ஒருத்தர் பாடு சீக்கிரம் முடிந்திருக்கும்.

பங்குச் சாமியார்தான் இந்த இடத்தைச் சொன்னார். கன்னியர் மடத்தார் நடத்துகிற முதியவர் விடுதி. நாதியற்ற கிழடுகளுக்காக ஏற்பட்டது. புத்தி மாறிப்போனவர்களையும் மடத்துத் தலைவியான மதர் தட்டாமல் சேர்த்துக்கொண்டார். அவர்களைப் பார்த்துக்கொள்வதற்கென்றே மணியன் என்று ஒருவனைச் சம்பளத்துக்கு வைத்திருந்தார். மணியன் ஓமலூர்ப் பக்கத்து ஆள். பட்டணத்தில் ஒரு பெரிய பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் வார்டராக இருந்தவன். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, மலம் அள்ளுவது எதற்கும் அவன் முகம் சுளித்ததில்லை. ஆனால் வாய் கொஞ்சம் நீளம். பட்டணத்தில் நாங்கள் இப்படிச் செய்வோம், அப்படிச் செய்வோம் என்று ஓயாமல் அளப்பான்.

சேர்த்துவிட்ட அன்றைக்கு சகாயம்மாள் பெரிய தப்பு ஒன்றும் செய்துவிடவில்லை. கேட்டருகே வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, “வாரேனுங்கப்பா” என்றாள். ஊரில் யார் வீட்டை விட்டு இறங்கினாலும் சொல்கிற வார்த்தை. புறப்படுகிறேன் என்பதற்கு நாம் அதைத்தான் சொல்கிறோம். சவரியாரின் புத்தியில் மற்றதெல்லாம் அழிந்துபோய் மணிச் சத்தம் மட்டும் மிஞ்சியிருந்ததோ என்னவோ, அவர் அதை மணிச் சத்தமாக எடுத்துக்கொண்டார். வருகிறேன் என்று தகவல் வந்துவிட்டது. கேட்டைப் போட்டார். அன்றிலிருந்து பொழுது விடிந்து பொழுது சாய்கிற வரைக்கும் அங்கேயே நின்றார். பித்தளைப் பொத்தான் வைத்த பழைய நீலக் கோட்டைக் கழற்றவும் விடவில்லை. மணியன் கொண்டுவந்து ஊட்டினால் ரெண்டு வாய் வாங்குவார். மூன்றாவது வாய்க்குத் தலையைத் திருப்பிப் பாதையைப் பார்ப்பார்.

மணியன் தன் பட்டணத்து வித்தையெல்லாம் காட்டிப் பார்த்தான். தட்டை ஓங்கித் தட்டி, வண்டி போய்விட்டது என்று கூவினான். நான் கண்ணில் பார்க்கவில்லையே என்று சவரியார் நியாயம் கேட்டார். பச்சைத் துணியைக் கொண்டுவந்து ஆட்டினான். அதைப் பிடுங்கி மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார். சகாயம்மாளும் தெருக்கோடி வரைக்கும் போய், அங்கிருந்து “வந்துட்டேன், வந்துட்டேன்” என்று கத்திக்கொண்டே ஓடிவந்து பார்த்தாள். பார்த்தவர்கள் மகளுக்கும் பிடித்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். “ஓடாதீங்கம்மிணி, கேட்டுப் போட்டிருக்குதுல்ல” என்று அப்பா கண்டித்ததுதான் மிச்சம்.

பால்காரனை நிறுத்தினார். விறகு வண்டியை நிறுத்தினார். இதெல்லாம் போகட்டும் என்றால், கிழவர்களுக்கு நற்கருணை நன்மை கொடுக்க வந்த சாமியாரின் ஜட்காவையும் போன ஞாயிற்றுக்கிழமை நெடுநேரம் வெயிலில் நிறுத்திவைத்தார். அன்றைக்குத்தான் மதருக்குப் பொறுமை போயிற்று. மதர் சீமைக்காரர், தமிழைப் புத்தகத்தில் இருக்கிறபடி பேசுவார். அடுத்த ஞாயிறுக்குள் இவர் கேட்டை விட்டு வந்து உட்காராவிட்டால் பின்கட்டு அறையில் வைப்பதைத் தவிர தமக்கு வேறு வழி இல்லை என்று சகாயம்மாளிடம் நிதானமாகச் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

பின்கட்டு அறையை அவள் ஒருமுறை பார்த்திருக்கிறாள். கம்பி போட்ட ஜன்னல். கட்டிலில் ஒரு கிழவர். அவர் கணுக்காலிலிருந்து கட்டில் காலுக்கு ஒரு துணி முடிச்சு. அவள் வீட்டில் போட்ட அதே முடிச்சு. அதற்குப் பயந்துதானே இங்கே கொண்டுவந்து விட்டாள்?

அந்த அடுத்த ஞாயிறுதான் இன்றைக்கு.

“ஏனுங்கக்கா, நாஞ்சொன்னதை நெனச்சுப் பாத்தீங்களா?” என்று சவரியாரின் முதுகுக்குப் பின்னாலிருந்து மணியன் கேட்டான். தோளில் ஈரத்துண்டு, கையில் குளிப்பாட்டுகிற சொம்பு.

அவன் சொன்னது இதுதான். வாரேன் என்ற சொல்லில்தானே மனுஷன் மாட்டிக்கொண்டு நிற்கிறார். இந்தத் தடவை கிளம்பும்போது போறேன் என்று சொல்லிவிட வேண்டும். வண்டி போய்விட்டது என்று கணக்குத் தீர்ந்து அவர் உட்கார்ந்துவிடுவார். இது பட்டணத்தில் படித்த வித்தை இல்லை. சலித்துப்போய் வாய்க்கு வந்ததைச் சொன்னான். போன வாரம் அவன் அதைச் சொன்னபோது அவள் காதில் போட்டுக்கொள்ளாமல் போய்விட்டாள். இப்போது திருப்பிக் கேட்டாள்.

“நீ உங்கப்பனுக்கு அந்த வார்த்தையைச் சொல்லுவியா?”

“எங்கப்பன் செத்து வெகு காலமாச்சுங்க” என்றான் மணியன். “உள்ள எனக்கு ஒரு கொட்டாய் நெறைய அப்பனுங்க இருக்கறாங்க. ஒருத்தருக்கும் இன்னும் தண்ணி வாக்கல. நானும் எத்தனை பேரைத்தானுங்க பாக்கறது?”

அவள் தூக்குப்போசியைக் கை மாற்றிக்கொண்டாள். சின்ன வயசில் பள்ளிக்கூடம் போகிற அவசரத்தில் ஒருநாள் “நான் போறேன்” என்று கத்திவிட்டு ஓடினாள். சவரியார் கொடியைக் கையில் பிடித்தபடி அவளைப் பாதி வழியிலிருந்து திரும்பக் கூப்பிட்டார். அது திரும்பி வராதவர்கள் சொல்கிற சொல், நம் வீட்டில் யாரும் சொல்லப்படாது என்றார். “போயிட்டு வாரேன்னு சொல்லு சாமி” என்று சொல்லவைத்துத்தான் விட்டார். பள்ளிக்கூடத்தில் நேரமாகி வந்ததற்காக அடி விழுந்தது. கல்யாணம் ஆகிப் புருஷன் வீட்டுக்குப் போன அன்றைக்கும் மாட்டுவண்டி அவர் கேட்டைத்தான் தாண்டவேண்டியிருந்தது. அழுகையில் அவளுக்கு வாயே வரவில்லை. எந்த ரயிலும் வராத நேரம்; ஆனாலும் அவர் கேட்டைத் திறக்காமல் நின்றார். அவள் தேம்பித் தேம்பி “வாரேனுங்கப்பா” என்று சொன்ன பிறகுதான் வண்டியைத் தாண்ட விட்டார்.

அந்த மனுஷனைப் பார்த்துப் போறேன் என்று சொல்வதாம்.

பின்னால் குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டது. சாமியாரின் ஜட்கா வந்து அவள் முதுகை ஒட்டி நின்றது. சாமியார் எட்டிப் பார்த்துவிட்டு ஜெபப் புத்தகத்தைப் பிரித்துக்கொண்டார். ஜட்காக்காரன் மட்டும், இன்னைக்கும் இதுதானா என்று முணுமுணுத்தான். உள்ளே தாழ்வாரத்தில் மதரின் வெள்ளை அங்கி தெரிந்தது. மதர் படியிறங்கவில்லை. கையைக் கோத்துக்கொண்டு நின்று பார்த்தார்.

சகாயம்மாள் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். அப்பாவின் முகத்துக்கு நேராக முகத்தைக் கொண்டுபோனாள்.

“அப்பா, என்னைப் பாருங்க. ஒரே ஒருக்காப் பாருங்க. நான் வந்துட்டேன். வந்து இத்தனை நேரமாச்சு. கேட்டைத் தொறந்து உட்டீங்கன்னா எல்லாஞ் சரியாப் போயிரும்.”

சவரியார் அவள் தலைக்கு மேலாகப் பாதையைப் பார்த்தார். “அது வாரேன்னு சொல்லியிருக்குதுங்கம்மிணி” என்றார். “சொன்னா வந்துரும். நல்ல புள்ளைங்க.”

அந்த நல்ல பிள்ளை என்ற சொல்தான் அவளைப் பிளந்தது. எத்தனை மாதத்துப் புழுக்கம் அது. புருஷன் வாய்விட்டுச் சொல்லாத குறை, தம்பி சொல்லியனுப்புகிற புத்திமதி, ஓடிப்போய் ஓடிவந்த அவமானம், இந்த வெயில், இந்த ‘ங்க’ எல்லாம் ஒன்றாகத் திரண்டு வந்தது.

“போறேன்” என்றாள். சத்தம் தெருவுக்கே கேட்டது. “கேட்டுதுங்களா? நான் போறேன். இனிமே வரல. போறேன்.”

ஜட்காவின் குதிரை தலையை உதறியது. மணியன் சொம்பைக் கீழே வைத்தான். சவரியார் தலையைச் சாய்த்து எதையோ காது கொடுத்துக் கேட்டார். ஏதோ ஒரு சத்தம் சிறுகச் சிறுகத் தேய்ந்து போவதைக் கேட்கிறவர் மாதிரி இருந்தார்.

“போயிருச்சுங்களா?” என்றார்.

“போயிருச்சுங்க” என்றான் மணியன் பட்டென்று.

சவரியார் கொண்டியை எடுத்தார். கேட்டை முழுக்கத் திறந்து, அது மறுபடி மூடிக்கொள்ளாதபடி சங்கிலியை இழுத்துக் கம்பத்தில் மாட்டினார். ஓரமாக ஒதுங்கி, கொடி பிடிக்கிறவர்போல வலது கையை நீட்டிக்கொண்டு நின்றார். ஜட்காக்காரன் இதற்குத்தான் காத்திருந்தான். குதிரையைத் தட்டி விட்டான். சகாயம்மாள் விலகி வழி விட்டாள்.

“பாத்துப் போ சாமி” என்றார் சவரியார்.

ஜட்கா உள்ளே போயிற்று. மணியன் ஓடிவந்து அவள் கையிலிருந்த தூக்குப்போசியை வாங்கிக்கொண்டான். கேட் விரியத் திறந்து கிடந்தது. இத்தனை மாதமாக இதைத் திறக்கவைக்கத்தான் அவள் கிடந்து மன்றாடினாள். ஒரு அடி எடுத்து வைத்தாள். மணியன் வேண்டாம் என்று கையைக் காட்டினான். அவள் உள்ளே வந்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்துவிடும் என்பது அவளுக்கும் தெரிந்தது. அப்பா சொம்புத் தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டு வேப்பமரத்தடி பெஞ்சியைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார். அவள் திரும்பி நடந்தாள். நடையில் கோபம் இருந்தது. யார்மேல் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

ரயில் கேட்டில் இப்போதைய கீப்பர் ராசு அவளைப் பார்த்து, பெரியவரு சௌக்கியங்களா என்று கேட்டான். இருக்கறாரு என்று சொல்லிவிட்டுத் தாண்டினாள்.

வீட்டுக்கு வந்து உலை வைத்தாள். அரிசி களைந்தாள். களைந்த தண்ணீரை ஊற்றும்போதுதான் அது அவளுக்கு உறைத்தது. பாத்துப் போ சாமி. சாமியாரைப் பார்த்துச் சொன்னார் என்றுதான் அங்கே எல்லோரும் எடுத்துக்கொண்டிருப்பார்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள். ஆனால் சாமியாரைப் பார்த்துப் ‘போ’ என்று சொல்கிற ஆளா அப்பா? விறகு வண்டிக்காரனுக்கே போங்க என்றுதான் சொல்வார். ‘ங்க’ இல்லாமல் அந்த வாய் பேசுவது ரெண்டே ரெண்டு பிள்ளைகளிடம். ஒருத்தன் பொன்மலையில் இருக்கிறான்.

அப்படியென்றால் அந்த நேரத்துக்குத் தெரிந்ததா? தெரிந்துதான் கேட்டைத் திறந்தாரா? தெரிந்திருந்தால், போறேன் என்று கத்தியவளைத் திரும்பக் கூப்பிட்டு, அப்படிச் சொல்லாதே சாமி என்று ஏன் திருத்தவில்லை?

அவளுக்குக் கை ஓடவில்லை. மத்தியானம் புருஷனுக்கும் பிள்ளைகளுக்கும் சோற்றைப் போட்டுவிட்டு உடனே திரும்பப் போவது என்று தீர்மானித்தாள். தெரு வழியாகப் போகாமல் மடத்தின் பின்பக்கமாக நுழைந்து, பெஞ்சிக்குப் பின்னாலிருந்து ‘சகாயம்’ என்று மட்டும் சொல்லிப் பார்ப்பது. இந்த யோசனை வந்ததும் அவளுக்கு ஒரு சின்னச் சந்தோஷம்கூட வந்தது. குழம்புக்குப் புளி கரைத்தாள்.

வாசலில் மணியன் நின்றான். வேகமாக நடந்து வந்ததில் சட்டை நனைந்திருந்தது. கையில் அவளுடைய தூக்குப்போசி. கழுவித் துடைத்து மூடி போட்டிருந்தது.

“கஞ்சியப் பூராக் குடிச்சுப்போட்டாருங்கக்கா” என்றான். “ஒரு சொட்டு மிச்சமில்லைங்க.”

அவள் போசியை வாங்கினாள். வாங்கிய பிறகும் அவன் போகாமல் நின்றான். கஞ்சி குடித்த சேதியைச் சொல்ல யாரும் இவ்வளவு தூரம் ஓடிவர மாட்டார்கள். அவள் அடுப்பை அணைத்துவிட்டுச் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

விடுதியில் எல்லோருமே நல்ல சாவு என்றார்கள். சாமியார் வந்த நேரத்தில் மனுஷன் வெகு நாளைக்குப் பிறகு அடங்கி உட்கார்ந்திருந்ததால் அவருக்கும் நன்மை கொடுத்திருக்கிறார். கஞ்சியைக் குடித்திருக்கிறார். கோட்டைத் தானே கழற்றி, மடித்து, மணியனிடம் கொடுத்து, “டூட்டி முடிஞ்சுதுங்க” என்று சொல்லியிருக்கிறார். கட்டிலில் போய்ப் படுத்தவர்தான். மணியன் ரெண்டு பேருக்குத் தண்ணீர் வார்த்துவிட்டு வந்து பார்த்தபோது மூச்சு இல்லை. வலி இல்லாமல், சஞ்சலம் இல்லாமல், தேவனோடு சமாதானமாகப் போனார் என்று மதர் புத்தகத் தமிழில் சொல்லி சகாயம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண்ணில் நிஜமாகவே நீர் இருந்தது. பின்கட்டு அறைப் பேச்சு எங்கேயோ போயிருந்தது. சகாயம்மாளுக்கு அந்தக் கையை உதறவேண்டும்போல இருந்தது. உதறவில்லை.

அப்பாவின் தலைமாட்டில் நீலக் கோட் மடிப்புக் கலையாமல் இருந்தது. கோட் இல்லாமல் அவர் ரொம்பச் சின்ன ஆளாகத் தெரிந்தார். அவள் குனிந்து காதருகே ‘சகாயம்’ என்று சொன்னாள். பின்னால் நின்றவர்கள் அவள் மாதாவின் சகாயத்தைக் கேட்பதாக நினைத்து ஆமென் என்றார்கள்.

மணியன் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தான்.

“என்ன இருந்தாலும் நாஞ்சொன்னதுல ஒரு பிரயோசனம் இருந்துதுங்களே” என்றான். ஆறுதலாகத்தான் சொன்னான். அவள் பார்த்த பார்வையில் அடுத்த வார்த்தையை விழுங்கிக்கொண்டு துண்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவனை இன்னொரு கிழவர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் அடக்கம். தம்பி பொன்மலையிலிருந்து முதல் வண்டியில் வந்து இறங்கினான். முந்தியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா அக்கா, கடைசியாக என்ன பேசினார் என்று கேட்டான். பார்த்துப் போகச் சொன்னார் என்றாள். அவன் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதான். அழுகை அவனுக்குச் சுலபமாக வந்தது. அவளுக்கு வரவில்லை. மகளைப் பாரேன், கல்லுப்போல நிற்கிறாள், பாரம் இறங்கிவிட்டதல்லவா என்று யாரோ பேசியது காதில் விழுந்தது. அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

கல்லறைத் தோட்டத்தில் சாமியார் ஜெபம் முடித்து தீர்த்தம் தெளித்தார். ஆளுக்கு ஒரு கை மண் போட்டார்கள். சாவுக்கு வந்தவர்கள் சொல்லிக்கொண்டு போகிற வழக்கம் இல்லை. ஒவ்வொருவராக ஒரு வார்த்தையும் பேசாமல், தலையைக்கூட ஆட்டாமல், கழன்று போனார்கள். உபகாரசாமி மண்வெட்டிக்காரர்களோடு பேசிக்கொண்டிருந்தார். சகாயம்மாள் கடைசியாகக் குனிந்து, மேலே கிடந்த ஒரு கட்டியைக் கையால் உடைத்துச் சமன்படுத்தினாள். எழுந்திருக்கும்போது அவளை அறியாமலே வாயிலிருந்து வந்துவிட்டது.

“வாரேனுங்கப்பா.”

பக்கத்தில் நின்ற அத்தை இன்னாசிமேரி பதறிப்போய் அவள் கையைப் பிடித்து இழுத்தாள். சவரியாருக்கு ஒரே தங்கை அவள்.

“அடி, இங்க வந்து அந்தப் பேச்சைச் சொல்லலாமா? புள்ளைகுட்டிக்காரி. திரும்பிப் பாக்காம நட.”

“அப்ப எங்கதானுங்கத்தை சொல்றது?” என்றாள் சகாயம்மாள்.

குரல் அவ்வளவு கடுமையாக இருந்ததில் அத்தை பிடியை விட்டுவிட்டாள். துக்கத்தில் ஏதோ பேசுகிறாள் என்று எண்ணி முதுகைத் தடவிக் கொடுத்துக் கூட்டிக்கொண்டு நடந்தாள்.

வீட்டுக்குத் திரும்புகிற வழியில் ரயில் கேட் போட்டிருந்தது. அடக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் அங்கே சேர்ந்து நின்றார்கள். ராசு தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, கொடியோடு கம்பத்தருகே நின்றான். பட்டாளத்து வண்டி ஒன்று வந்தது. நீளமான வண்டி. மூடிய பெட்டிகள் தடதடத்துக்கொண்டு போய்க்கொண்டே இருந்தன. கடைசிப் பெட்டி தாண்டிய பிறகும் ராசு அது வளைவில் மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகே கேட்டைத் திறந்தான். தம்பி முதலில் தாண்டினான். பிறகு அத்தையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு உபகாரசாமி. பின்னால் மற்றவர்கள்.

சகாயம்மாள் கேட்டுக்கு இந்தப் பக்கமே நின்றாள். தூசி அடங்கிக்கொண்டிருந்தது. ராசு கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தான்.

“ஏனுங்கக்கா, வாரீங்களா? அடுத்த வண்டி சொல்லீட்டாங்க. கேட்டைப் போடோணும்.”

“வாரேன்” என்றாள்.

ராசு கேட்டைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். அவள் கல்லறைத் தோட்டத்துப் பாதையைத் திரும்பிப் பார்த்தபடி நின்ற இடத்திலேயே நின்றாள்.